இறக்கையில் இரண்டு அறைகள்

பட்டம் வாங்குகிறவர்களின் புத்தகத்தை நகல் எடுத்துக் கொடுப்பவன் நான். கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வரிசையாக நிற்கும் ஜெராக்ஸ் கடைகளில் ஒன்று என்னுடையது. நகல், ஸ்கேன், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன். மெஷின் ஓடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பானேன் என்று, வந்து விழுகிற தாள்களைப் படிக்க ஆரம்பித்தேன். விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் கொண்டுவரும் ஆய்வேடுகளில் பூச்சிப் படங்கள் நிறைய இருக்கும். அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. போனில் மாட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். "ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி, உங்களுக்கு இளைச்சது ஈயும் எறும்புமா?" என்பாள் என் மனைவி. அவள் வாயிலிருந்து பழமொழி வராத நாள் கிடையாது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

வீடு வேங்கைவாசல் பக்கம். ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று போர்ஷன். கடைசி எங்களுடையது. நடுவில் இருப்பவர் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவர் மனைவி வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவர். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். மூன்று போர்ஷனுக்கும் பின்னால் ஒரு நீளச் சந்து. அங்கே துவைக்கிற கல், தண்ணீர் மோட்டார், கொடிக்கயிறு, வீட்டு ஓனர் மாடி எழுப்பியபோது மிஞ்சிய மணல் மேடு. அந்த மணலை எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று அவர் சொல்லியே நாள் போயிற்று. மேடு அமர்ந்து, கெட்டித்து, ஓரத்தில் புல்லும் முளைத்துவிட்டது.

போன வருஷம் மாசி மாதம் அந்த நடு வீட்டின் பின்கதவு பூட்டியே கிடப்பதைக் கவனித்தேன். போர்ஷன் வீடுகளில் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, அவ்வளவுதான். பின்கதவை அடைத்தால் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வண்டி ஓட்டுகிறவரின் மனைவியுடைய தையல் மெஷின் பின்கதவை ஒட்டித்தான் இருந்தது. இப்போது பகலிலேயே ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, வியர்வை புடவையில் சொட்டிவிடாமல் தோளில் துண்டோடு தைத்துக்கொண்டிருந்தார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மணலாண்ட ஊசி வண்டு வந்துகினு கீதுண்ணா. எனக்குத்தான் ஆவாதே."

ஏன் ஆகாது என்பது காம்பவுண்டுக்கே தெரியும். பெரும்பாக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில், மேல்மாடி சன்ஷேடிலிருந்த தேன்கூடு கலைந்து இவருக்கு நாலைந்து கொட்டு விழுந்தது. மற்றவர்களுக்கு வீங்கி வடிந்துவிட்டது. இவருக்கு உதடும் நாக்கும் தடித்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆனது. இன்னொரு தடவை தேனீ கொட்டினால் இதைவிட மோசமாகலாம், ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

போய்ப் பார்த்தேன். மணல் மேட்டுக்கு ஒரு சாண் மேலே, ஆணியடித்து மாட்டியதுபோல் காற்றில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. உடம்பெல்லாம் தேன் நிறத்தில் பஞ்சு மாதிரி மயிர். முகத்திலிருந்து நேரே முன்பக்கம் நீண்ட கறுப்பு ஊசி. சட்டென்று கீழே இறங்கும், வால் நுனியை மணலில் தொட்டு எடுக்கும், மறுபடி எழும்பி நிற்கும். மேட்டில் அங்கங்கே பென்சில் நுழைகிற அளவில் துளைகள் இருந்தன. யார் போட்ட துளை என்று தெரியவில்லை.

வண்டிக்காரர் பின்னாலேயே வந்தார். "கொசு ஊசியே தாங்க முடில. இது பம்பர ஆணி கணக்கா வச்சிக்கினு கீது. நாளைக்கி டீசல் ஊத்தி வுட்டுடப்போறேன் தலீவரே."

உள்ளேயிருந்து அவர் மனைவி கத்தினார். "ஊத்துவ, ஊத்துவ! அது கோவத்துல கெளம்பிச்சின்னா? நீ வண்டி எடுத்துக்கினு போயிடுவ. நான்தான இங்க கீறேன்!"

"அப்ப இன்னாதான்டி பண்ண சொல்ற?"

"அண்ணா பாத்து சொல்லட்டும். அண்ணா, அது கொட்டுமா, கொட்டாதா? அத்த மட்டும் சொல்லுண்ணா. நான் கதவத் தொறக்கணும்."

"கொட்டினா தேளு, கொட்டாட்டி புள்ளப்பூச்சி" என்று நம் ஊரில் சொல்வார்கள். பூச்சியியலே அந்தப் பழமொழியில் அடங்கிவிட்டதென்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

லென்ஸை மாட்டிப் படம் எடுத்தேன். வீட்டுக்குள் வந்து பெரிதாக்கிப் பார்த்ததும் பாதிக் கவலை போயிற்று. தேனீக்கு நாலு இறக்கை. இதற்கு இரண்டுதான். கண் பெரிசு, உணர்கொம்பு குட்டை. இது வண்டும் இல்லை, தேனீயும் இல்லை, ஈ. தேனீ வேஷம் போட்ட ஈ. ஆங்கிலத்தில் பீ ஃப்ளை என்பார்கள். முன்னால் இருக்கிற ஊசி பூவில் தேன் உறிஞ்சுகிற குழல். கொடுக்கு என்று ஒன்று அதன் உடம்பிலேயே கிடையாது.

மறுநாள் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். "கொட்டாதும்மா. புலியைப் பாத்து பூனை சூடு போட்டுக்கிச்சாம், அந்தக் கதைதான். தேனீ மாதிரி வேஷம் போட்டா எவனும் கிட்ட வரமாட்டான்னு ஒரு தைரியம்."

அவர் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார். யோசித்தார்.

"சரிண்ணா. பூனை சூடு போட்டுகினா, எங்கனா ஒரு புலி இருக்கணும் இல்ல? பூ கூட இல்லாத மணலாண்ட அதுக்கு இன்னா வேலை?"

கதவு திறக்கவில்லை.

கடைக்கு அடிக்கடி வருகிற ஆராய்ச்சி மாணவி ஒருவர் உண்டு. பூச்சிகளைப் பற்றித்தான் ஆய்வு. அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுவந்து, திருத்தித் திருத்திப் பிரிண்ட் எடுப்பார். அவரிடம் படத்தைக் காட்டி, நடு வீட்டுக்காரர் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

"அந்த அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி அண்ணா" என்றார். "இந்த ஈ மணல்ல முட்டை போட வருது. முட்டையில இருந்து வர்ற புழு, வேற ஒரு பூச்சியோட முட்டையவோ குஞ்சையோ தின்னுதான் வளரும். எதைத் தின்னும்ங்கறது எந்த வகை ஈங்கறதைப் பொறுத்தது."

இந்தப் படத்துக்கு இரண்டு வகைகள் பொருந்தும் என்றார். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் புழு, மண்ணுக்குள் வெட்டுக்கிளி போட்டுவைத்த முட்டைகளைத் தின்னும். இன்னொன்றின் புழு, மண்ணில் துளை போட்டு வாழ்கிற தேனீயின் கூட்டுக்குள் போய் அதன் குஞ்சைத் தின்னும்.

"முதல் வகைன்னா அங்க வெட்டுக்கிளிதான் இருக்கு, அக்கா தாராளமா கதவைத் திறக்கலாம். ரெண்டாவது வகைன்னா அங்க தேனீ இருக்கு அண்ணா. கூட்டமா இல்ல, துளைக்கு ஒண்ணு. துரத்திட்டு வந்து கொட்டாது. ஆனா மிதிச்சாலோ கைல சிக்கினாலோ கொட்டும்."

எப்படிப் பிரிப்பது என்று கேட்டேன். தலையிலும் உடம்பிலும் இருக்கிற மயிரைப் பார்த்துப் பிரிக்கலாம், இறக்கை நரம்பைப் பார்த்தும் பிரிக்கலாம், ஒரு ஈயைப் பிடித்துக் கொண்டுவாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் மேட்டுக்கு வரும் முன்பே, விசிட்டிங் கார்டு போட்டுத் தருகிற பிளாஸ்டிக் டப்பாவோடு மணல் மேட்டில் உட்கார்ந்தேன். சமையலறை ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு நடு வீட்டுக்காரர் "இதோ வந்துடுச்சி, உன் பின்னாடிதாண்ணா, ஐயோ போச்சே" என்று கிரிக்கெட் கமெண்டரி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவழியாக ஒன்று வால் நுனியால் மணலைத் தொட இறங்கியபோது டப்பாவைக் கவிழ்த்தேன்.

அடுத்து நான் செய்தது, நகல் எடுத்துப் படித்தவன் மட்டுமே செய்யக்கூடிய காரியம். எத்தனையோ ஆய்வேடுகளில் 'மாதிரிகள் ஆல்கஹாலில் பாதுகாக்கப்பட்டன' என்று வாசித்திருக்கிறேன். கொரோனா சமயத்தில் வாங்கிய சானிடைசர் கடையில் மிச்சமிருந்தது. அதிலும் ஆல்கஹால்தானே? ஈயை அதில் போட்டு, மூடியை இறுக்கி, பெருமையாக அலமாரியில் வைத்தேன்.

மாணவி வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன அண்ணா, திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டுட்டீங்களா?"

தேன் நிறப் பஞ்செல்லாம் பாட்டிலின் அடியில் படிந்திருந்தது. ஈ கறுப்பாக, வழவழவென்று, யாரோ போல மிதந்தது. இந்த வகை ஈக்களின் மயிர் தொட்டாலே உதிருமாம். ஊசியில் குத்திக் காயவைக்க வேண்டுமே தவிர ஊறப் போடக் கூடாதாம். எறும்புக்கும் புழுவுக்கும் சொன்ன வைத்தியத்தை நான் இதற்குச் செய்திருக்கிறேன். இனி இன்ன இனம் என்று கடைசிப் பேர் வரை போக முடியாது என்றார். ஆனால் எந்த வகை என்பதற்கு இறக்கை போதும், இறக்கைக்கு மொட்டை கிடையாது.

இறக்கையின் அடிப்பக்கத்திலிருந்து இரண்டு நீள அறைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். நரம்புகள்தான் சுவர். எங்கள் காம்பவுண்டில் அடுத்தடுத்த இரண்டு போர்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் பின்சுவரும் ஒரே வரிசையில் முடிந்தால் வெட்டுக்கிளிக்காரன். ஒன்று மற்றதைவிட வெளியே தள்ளி முடிந்தால் தேனீக்காரன். இவ்வளவுதான் வித்தியாசம்.

போனில் இருந்த படத்தை உடனே பெரிதாக்கினேன். இரண்டும் ஒரே வரிசையில் முடிந்தன. "வெட்டுக்கிளி! வெட்டுக்கிளிதாம்மா!" என்று கத்தி, நடு வீட்டுக்குப் போன் போடப் போனேன்.

"இருங்க அண்ணா. அது இறக்கையைச் சாய்ச்சு வெச்சுட்டு நிக்குது. சாய்ஞ்சு நின்னு போட்டோ எடுத்தா குட்டையும் நெட்டையும் ஒண்ணாத்தான் தெரியும். இறக்கையைத் தட்டையா வெச்சுப் பாக்கணும். லேப்ல கண்ணாடித் தகட்டுல ஒட்டி மைக்ராஸ்கோப்ல வெக்கலாம், ஆனா இப்ப அங்க பரீட்சை நடக்குது."

தட்டையாக்குவது என்றால் என் தொழில்தானே? ரேஷன் கார்டிலிருந்து ரேங்க் கார்டு வரை இந்தப் பக்கத்தில் பாதிப் பேருடையதைத் தட்டையாக்கியவன் நான்.

முதலில் டீக்கடையிலிருந்து ஒரு சாதாரண ஈயைக் கொண்டுவந்து, அதன் இறக்கையை ஐடி கார்டு லேமினேஷன் பவுச்சுக்குள் வைத்து மெஷினில் விட்டேன். சூட்டில் சுருண்டுவிடுமோ என்று பயம். சுருளவில்லை. கண்ணாடிக்குள் வரைந்ததுபோல் நரம்பு நரம்பாக வெளியே வந்தது. மாணவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதை எங்க கைடுகிட்ட காட்டினா திட்டுவாரா, பாராட்டுவாரான்னு தெரியல" என்றார்.

மொட்டை ஈயின் இறக்கையை சின்ன இடுக்கியால் எடுத்துத் துடைத்து, புதுப் பவுச்சில் வைக்கும்போது வண்டிக்காரர் வந்து நின்றார். வண்டியின் இன்சூரன்ஸ் நகல் வேண்டுமாம்.

"இன்னா தலீவரே, ஈக்கு ஆதார் எடுத்துக் குடுக்கறியா?"

"உன் வீட்டு ஈதான்பா. இரு, இப்பத் தெரிஞ்சிடும்."

லேமினேட் செய்ததை ஸ்கேனரில் வைத்து, எவ்வளவு நுணுக்கமாக எடுக்குமோ அவ்வளவு நுணுக்கமாக எடுத்து, ஏ3 தாளில் பிரிண்ட் விட்டேன். இறக்கை கைக்குட்டை அளவுக்கு வந்தது. மாணவி ஸ்கேலை வைத்தார். வைக்கவே தேவையில்லை. மேல் அறை, கீழ் அறையைத் தாண்டி நன்றாக வெளியே போய் முடிந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"நல்லதா, கெட்டதா?" என்றார் வண்டிக்காரர்.

"தேனீ இருக்கு" என்றேன்.

மாணவி, அது துரத்திக் கொட்டாது, மிதித்தால் கொட்டும் என்று அவருக்கும் சொல்லிவிட்டு, நம் ஊர் வகைகளைப் பற்றி முழுசாக யாரும் எழுதவில்லை, புத்தகத்தில் இருப்பதை வைத்துத்தான் சொல்கிறோம் என்று பொறுப்பாகச் சேர்த்தார். வண்டிக்காரருக்கு அந்தக் கடைசிப் பேச்சு காதில் ஏறவில்லை. மாணவி போனதும் கவுண்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தலீவரே, அவகிட்ட வெட்டுக்கிளினு சொல்லிடு. துரத்திக் கொட்டாதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுதில்ல? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேஜாரு புடிச்ச சூட்ல ராவும் பகலும் வெந்துகினு கீறா. தெரியாங்காட்டி நிம்மதியா கதவத் தொறப்பா."

அவர் சொன்னதில் அன்பு இல்லாமல் இல்லை. மனைவி அந்த அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்ப்பவர் அவர். ஆனால் அவர் மனைவி துணி துவைக்கிற இடத்துக்கும் அந்த மேட்டுக்கும் நடுவே ரெண்டு எட்டு தூரம். செருப்புப் போடாமல்தான் நடப்பார். மிதித்தால் கொட்டும் என்று இப்போதுதானே கேட்டோம்?

"கேட்டது அவங்க. பதில் அவங்களுக்குத்தான்" என்றேன். அவர் இன்சூரன்ஸ் நகலைச் சுருட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஏ3 தாளோடு போனேன். இரண்டு அறைகளையும் விரல் வைத்துக் காட்டி, மாணவி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். துளைக்கு ஒன்று, தேடி வந்து கொட்டாது, மிதித்தால் கொட்டும். வண்டிக்காரர் முன்கதவில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி தாளை வெகுநேரம் பார்த்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. கணக்குப் போடுகிற முகம்.

"எப்ப வெளிய வரும்ணா?"

"வெயில் மேட்டுல விழுந்தப்புறம்னு நெனைக்கறேன். நான் கடைக்குப் போனப்புறம்தான் அங்க வெயில் வருது. அதான் என் கண்ணுல படல."

மறுநாள் கடையைத் தாமதமாகத் திறந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இருவரும் சமையலறை ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்றோம். வெயில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கைத் தாண்டி மணல் மேட்டில் இறங்கியது. முதலில் பார்த்தது அவர்தான்.

"அண்ணா, அந்தப் புல்லாண்ட! மூஞ்சி தெரியுது பாரு!"

ஒரு துளையின் வாயில் சின்ன முகம். வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. பிறகு பழுப்புத் தேனீ ஒன்று முழுசாக வெளியேறி, மேட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வேலிப்பக்கம் பறந்து போயிற்று. அது போன சற்றைக்கெல்லாம் அந்த ஊசி மூக்கு ஈ வந்து துளைக்கு நேர்மேலே நின்று, வாலை இரண்டு மூன்று முறை வெட்டி வெட்டி எதையோ உள்ளே எறிந்தது. முட்டை. அம்மாக்காரி வெளியே போயிருக்கிற வீட்டில் தன் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறது. ஏ3 தாளில் இரண்டு அறைகள் சொன்னதை இப்போது கண்ணால் பார்த்தேன்.

"அடப்பாவி" என்றார் அவர், ஈயைப் பார்த்து. அப்புறம் கணவரைக் கூப்பிட்டார்.

"யோவ், இங்க வா. இந்தக் கதவுக்கு வலை போட்ட கதவு ஒண்ணு போட்டுக் குடு. மரக்கதவத் தொறந்து வச்சிக்கறேன், காத்து வரட்டும். அது வூட்ல அது கீது, என் வூட்ல நான் கீறேன். டீசலும் வாணாம், ஒண்ணியும் வாணாம்."

"மணல அள்ளிட்டா சோலி முடிஞ்சிது இல்ல?"

"அள்ளினா உள்ள கீறதெல்லாம் எங்க போவும்? வூட்டுக்குள்ளதான். மழ வரைக்கும் கெடக்கட்டும்."

"அப்ப துணி?"

அவர் அழுக்குத் துணி வாளியைக் கணவர் பக்கம் காலால் நகர்த்தினார். எனக்கு அங்கே வேலை இல்லையென்று தோன்றி, கடைக்குக் கிளம்பினேன்.

கீழ்க்கட்டளையில் அலுமினியக் கதவு செய்கிற கடையிலிருந்து வலைக்கதவு அவருடைய வண்டியிலேயே வந்தது. தையல் மெஷின் பழைய இடத்துக்குப் போனது. பகலில் ட்யூப் லைட் எரிவதில்லை. நான் ஈயின் இறக்கைக்கு அடியில் வகைப் பெயரை மட்டும் எழுதி, இனப் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாசியில் மயிரோடு ஒன்று கிடைத்தால் பார்க்கலாம்.

அந்தக் கோடை முழுக்க, வெயில் மேட்டில் இறங்குவதற்குள் சந்தில் துணி அலசும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் வண்டிக்காரர், காலில் ஷூ போட்டுக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, பெட்ஷீட்டைப் பிழிந்துகொண்டிருப்பார். வலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வரும்.

"இன்னும் நல்லா முறுக்கிப் புழியுய்யா. சொட்டுது பாரு."

"கொட்றது அவளுக்கு ஆவாதாம், தொவைக்கற வேலை எனக்காம். இன்னாபா நாயம் இது தலீவரே?" என்பார் என்னைப் பார்த்து. சொல்லிக்கொண்டே பெட்ஷீட்டை மணல் மேட்டின் பக்கம் படாமல் கொடியின் மறு ஓரத்தில் கொண்டுபோய்ப் போடுவார்.